காலடி மண்

வாசிப்பவரே, உங்களை நடுவராக நான் அழைக்கவில்லை. நடுவர்கள் போதும்; விவாத மேடைகளில் அவர்கள் கையிலிருக்கும் மணிக்கும் புள்ளித் தாளுக்கும் முன்னால் நின்று வளர்ந்தவன் நான். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சாட்சிக்குத் தீர்ப்புச் சொல்லும் சுமை இல்லை. கண்டதைக் கண்டபடி மனத்தில் வைத்திருந்தால் போதும். ஆகவே முதலில் இதைப் பாருங்கள். எங்கள் வளவில் கிணற்றடிக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே வெள்ளை மணல். அதில் ஈரக் காலோடு நடந்து வந்த ஒருவனின் தடங்கள் வரிசையாக இருக்கின்றன: இடது, வலது, இடது. அடுத்த வலது இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிரட்டையளவு பள்ளம்.

அந்தக் காலடி என்னுடையது. அதை அள்ளியவர் என் அக்கா.

அவர் குசினி வாசலில் நின்றார். வலக் கையைத் தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கிய துவாயின் மறைவில் வைத்திருந்தார். இடக் கையில் காய்ந்த செத்தல் மிளகாய். என்னைக் கண்டதும், "இன்னும் குளிக்கல்லயா நீ?" என்று கேட்டார். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் கண்ணூறு போலவே நாவூறும் உண்டு. பார்த்துப் பட்டால் கண்ணூறு. சொல்லிப் பட்டால் நாவூறு. யாருடைய நாக்கு என்று ஐயமோ, அவருடைய காலடி மண்ணை அவர் அறியாமல் எடுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து, பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். மிளகாய் நெடி மூக்கில் ஏறினால் அவர் குற்றமற்றவர். நெடி ஏறாவிட்டால் ஐயம் உறுதி. மறுமொழி சொல்ல எதிரணிக்கு நேரம் ஒதுக்காத விசாரணை இது. நான் என்னை விளக்கவேண்டிய இடம் எதுவும் அதில் இல்லை என்பதுதான், அன்று காலை தலை துவட்டாமல் நின்ற எனக்கு முதலில் உறைத்தது.

விளங்குவதற்காகச் சிறிது பின்னால் போகிறேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. அக்கா கலியாணம் முடித்தபோது வாவிக்கரையோரம் இருந்த எங்கள் வீடு அவருடையதாயிற்று. அத்தான் அதற்குள் வந்து சேர்ந்தார். அவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். கிழமைக்கொரு தரம், வார விடுமுறைக்கு, வீட்டுக்கு வருவார். அப்பா இல்லை. அம்மா கட்டாரில் ஒரு வீட்டில் வேலை. நான் பல்கலைக்கழக மாணவன். கலியாணம் முடித்து இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போகும் வரை அக்காவின் வீட்டில் இருப்பவன். ஆக, அக்கா "போ" என்றால் போகவேண்டிய இரண்டு ஆண்கள் அந்த வீட்டில் உண்டு. அத்தானுக்காவது கையில் ஒரு தொழில் இருந்தது. என்னிடம் இருந்தது நாக்கு ஒன்றுதான். அதைக் குறித்து எனக்குப் பெருமை உண்டு; மறைக்கமாட்டேன். ஒலிவாங்கி பழுதானாலும் மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவேன்.

அக்காவின் மகனுக்கு அமிர்தகழி மாமாங்கக் கோயிலில் முதற்சோறு தீத்தினோம். தாய்மாமன் என்ற முறையில் என் மடியில் வைத்துத்தான் தீத்தினார்கள். திரும்பி வந்து வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு பக்கத்து வளவு மாமி, "பேச்சாளர் மாமா மருமகனப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லாம விடுறதா?" என்றார். அழைப்பு அவருடையது. இதையும் மனத்தில் வைத்திருங்கள்.

நான் எழுந்தேன். பழைய இலக்கியங்களில் தலைவனைத் தலையிலிருந்து பாதம் வரை பாடுவது மரபு. அந்த வரிசையில் போனேன். கன்னங்கள் இரண்டும் வாவியில் விழுந்த இரண்டு நிலா என்றேன். காதுகளைச் சங்கு என்றேன். உலகத்தின் பொய்களையெல்லாம் கேட்டுச் சலிக்கப்போகும் சங்கு. கைகளைப் பாராட்டினேன். கடைசியாகக் கால்களுக்கு வந்து, நாளை மாமாங்கத்துத் தேர் வடம் பிடிக்க மணலில் ஊன்றப்போகும் கால்கள் என்று முடித்தேன். மார்பையும் வயிற்றையும் விட்டுவிட்டேன். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான், பாட அங்கே ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். மாமி எழுந்து வந்து பிள்ளையின் கன்னத்தில் ஒரு கறுத்த பொட்டு வைத்துவிட்டுப் போனார். அப்போது அதை வெறும் வழக்கம் என்று எண்ணினேன்.

அடுத்து வந்த கிழமை பிள்ளைக்குத் தடிமன். மூக்கு ஒழுகியது, உடம்பு கொஞ்சம் காய்ந்தது, விட்டது. அது விட்ட பிறகு ஒரு பின்னேரம் மாமி வந்து பிள்ளைக்கு எண்ணெய் தடவிக் குளிக்க வார்த்தார். அதன் பின் அக்கா கடைத்தெருவுக்குப் போய்வரும் வரை அவன் என்னோடு இருந்தான். எனக்கு ஒரு விவாதப் போட்டி நெருங்கியிருந்தது. அவனைத் தலையணைகளுக்கு நடுவே இருத்தி, என் தொகுப்புரையை அவனுக்கு நிகழ்த்திக் காட்டினேன். குரல் உயரும் இடங்களிலெல்லாம் அவன் சிரித்தான். அவனைவிட நல்ல சபை எனக்கு வாய்த்ததில்லை.

மறுநாள் விடிய அவனுடைய இரு கன்னங்களிலும் சிவந்த புள்ளிகள் இருந்தன. நுளம்புக் கடி என்றார் அக்கா. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவை புள்ளிகளாக இல்லை. நாணயமளவு வட்டங்கள், விளிம்பு கருநாவல், நடு வெளிறியது. இரண்டு காதுகளும் வீங்கி ஊதா நிறமாகியிருந்தன. கைகள் பன்னீர்ப் பழம் போல் புடைத்திருந்தன. கன்னம், காது, கை. என் பேச்சின் வரிசையிலேயே வந்திருந்தது அது. சட்டையைக் கழற்றிப் பார்த்தோம். மார்பும் வயிறும் துப்புரவாக இருந்தன.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையைக் கிடத்திவிட்டு வெளியே போனார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த மாமிதான் சொன்னார்:

"அண்டைக்கு வரிசையா ஓதினானே, இப்ப வரிசையா வந்திரிக்கு."

"மாமி, நீங்கதானே பேசச் சொன்ன?"

"ரெண்டு வார்த்த எண்டுதான் மனே சொன்னன். நீ புராணமெல்லோ படிச்ச?"

அப்போதுதான் நான் வாசலுக்குத் திரும்பி, மணலில் என் தடங்களைப் பார்த்தேன். மிளகாயையும் மண்ணையும் அக்கா சுற்றிப் போட்டபோது நான் வெளியே நிறுத்தப்பட்டிருந்தேன். நெடி வந்ததா இல்லையா என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்த அக்கா தும்மவுமில்லை, இருமவுமில்லை. அதைப் பார்த்து நானே என் தீர்ப்பை அறிந்துகொண்டேன். பிறகு அக்காவும் நானும் முச்சக்கரவண்டி பிடித்துப் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மாமியும் வந்தார். யார் கூப்பிட்டார் என்று தெரியவில்லை.

பிள்ளைகள் வாட்டில் ஓர் இளம் பெண் டொக்டர். பிள்ளையின் காதுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கவனமாகத் தொட்டார், கவனமாக எழுதினார். இரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: நேற்றுப் பின்னேரம் பிள்ளையோடு இருந்தது யார்?

எனக்கு முன்னதாக மாமி போயிருந்தார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவர் சொன்னது கேட்டது. "தம்பிதான் இரிந்தவர், டொக்டர். பொய் சொல்லக் கூடாது, பலமாச் சத்தம் போட்டுக்கிட்டு இரிந்தவர். எங்கட வளவுக்குக் கேட்டது."

ஆக, என் நாக்கின் மேல் இருந்த ஐயம் ஒரு கதவைத் தாண்டியதும் என் கையின் மேலான ஐயமாகிவிட்டது. உள்ளே போனபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் பதற்றத்தில் நிதானமாகப் பேசப் பயின்றவன் நான். மூன்று கூறுகளாக மறுமொழி சொன்னேன். முதலாவது, அந்த நேரம் முழுவதும் பிள்ளை தலையணைகளுக்கு நடுவே இருந்தான், விழவில்லை. இரண்டாவது, சத்தம் எனது பயிற்சி உரை. வேண்டுமானால் இப்போதே நிகழ்த்திக் காட்டலாம். மூன்றாவது, அதற்குச் சற்று முன்னர் பிள்ளையின் கை, கால், காது எல்லாவற்றையும் எண்ணெயிட்டு அழுத்தித் தேய்த்தவர் ஒருவர் உண்டு. அவர் வெளியில்தான் இருக்கிறார்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"தம்பி விவாதம் செய்யிற ஆளா?"

"ஓம்," என்றேன். கேள்வியில் இருந்த முள்ளை நான் கவனிக்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

"அதான் பாத்தன். இப்பிடி ஒரு கேள்வி கேட்டா ஆக்கள் அழுவாங்க, கோவப்படுவாங்க, இல்லாட்டி என்ன சொல்லுறது எண்டு தெரியாம நிப்பாங்க. நீங்க முதலாவது, ரெண்டாவது எண்டு சொல்லுறீங்க. எப்ப பாடமாக்கின நீங்க?"

வாழ்க்கையில் முதன்முறையாக, நன்றாகப் பேசியதற்காக நான் தோற்றேன். அடி காயங்களை விசாரிக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கப்படும் என்றார் அவர். அந்த அதிகாரி வந்து பார்க்கும் வரை தாய் மட்டுமே பிள்ளையைத் தூக்கலாம். மற்றவர்கள் பார்வையாளர் நேரத்தில் கட்டிலுக்கு அப்பால் நின்று பார்க்கலாம். காயம் கையால் வந்தது என்று அந்த அதிகாரியும் எழுதினால், அந்தக் கைக்குரியவன் அந்தப் பிள்ளை இருக்கும் வீட்டில் இனி இருக்கமுடியாது. அதை டொக்டர் வாயால் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

அத்தான் மத்தியானம் வந்து சேர்ந்தார். ஹோட்டல் சமையல்காரர் சட்டையை மாற்றாமலே பஸ் ஏறியிருந்தார். அதில் கறியின் மஞ்சள் தெறித்திருந்தது. அக்காவிடமும் டொக்டரிடமும் பேசிவிட்டு, வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்ற என்னிடம் வந்தார். அத்தான் பேசாத மனிதர். பேசாதவர்கள் மனத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு. குழாயைத் திறந்து முகம் கழுவினார். கழுவிய முகத்தைத் துடைக்காமல் கேட்டார்:

"நீ அவன அடிச்சியா?"

"இல்ல."

"கையிலிரிந்து விட்டுட்டியா?"

"இல்லத்தான்."

அவர் என் கைகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்றே நினைவு. நான் அவற்றைப் பின்னால் மறைக்கவும் இல்லை, முன்னால் நீட்டவும் இல்லை. எந்த நிலையில் வைத்தால் குற்றமற்ற கைகளாகத் தெரியும் என்று யோசித்தேன். மேடையில் கைகளை எங்கே வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் அன்று அவை எனக்குப் பாரமாக இருந்தன.

"சரி," என்றார் அத்தான். நம்பினேன் என்பதா, கேட்டுக்கொண்டேன் என்பதா? நான் கேட்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில் கட்டிலுக்கு அப்பால் நின்றேன். உடம்பெல்லாம் அடி வாங்கியவன் போல் கிடக்கவேண்டிய பிள்ளை, என்னைக் கண்டதும் புடைத்த கைகள் இரண்டையும் நீட்டிச் சிரித்தான். அவனுக்கு நோவு இருந்ததாகவே தெரியவில்லை. காலை உதைத்து உதைத்து என்னைக் கூப்பிட்டான். இவ்வளவு பேர் என்னை ஐயுற்ற அந்த நாளில் என்னை ஐயுறாத ஒரே ஆள் அவன்தான். வாய் சும்மா இருக்குமா?

"என்ட சிங்கக்குட்டி. இந்தக் காலப் பாருங்களன், என்ன உதை உதைக்கிறான்."

அக்கா போர்வையை இழுத்து அவன் கால்களை மூடினார்.

மறுநாள் காலையில் அந்தக் கால்களிலும் வட்டங்கள் இருந்தன. முழங்காலுக்குக் கீழே, இரண்டிலும், அதே கருநாவல் விளிம்போடு.

அந்தக் காலை வாட்டுச் சுற்றுக்கு வந்தவர் குழந்தை நல நிபுணர். தலை நரைத்த, அவசரப்படாத மனிதர். இளம் டொக்டர் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். நாங்கள் கதவடியில் நின்றோம். அவர் பிள்ளையைப் பார்ப்பதை விட்டு, பிள்ளையோடு விளையாடத் தொடங்கினார். தம் கழுத்தில் தொங்கிய குழாயை அவன் பிடித்து இழுக்க விட்டார். பிறகு காலைத் தூக்கிப் பார்த்து, தாதியாகிய மிஸியிடம் கேட்டார்:

"இது எப்ப வந்தது?"

"இண்டைக்குக் காலையில, சேர். நேத்து நான் கழுவும்போது கால் வடிவா இரிந்தது."

"நேத்துக்குப் புறகு ஆர் தூக்கினது?"

"தாய் மட்டும்தான், சேர். நாங்க பாத்துக்கிட்டுத்தானே இரிந்தம்."

அவர் இளம் டொக்டரைப் பார்த்தார். இளம் டொக்டர் என்னைப் பார்த்தார். பின் நிபுணர் அக்காவிடம், "போன கிழமை புள்ளைக்குத் தடிமன் வந்ததா?" என்று கேட்டார். வந்தது என்றார் அக்கா. அவர் தலையாட்டினார். இரத்தப் பரிசோதனையிலும் சிறுநீரிலும் பிழையில்லை என்றார். நீண்டதோர் ஆங்கிலப் பெயர் சொன்னார்; சிசுக்களுக்குத் திடீரென வரும் இரத்தக்கசிவு வீக்கம் என்று தமிழில் விளக்கினார். தடிமன் போன்ற ஒன்று வந்து போன பின் தோலுக்குக் கீழே உள்ள மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் அழற்சி கொள்கின்றன. முகம், காது, கை, கால்களில் வரும், உடம்பின் நடுவில் பெரும்பாலும் வராது. பார்க்கப் பயங்கரம், பிள்ளைக்குத் தொல்லை குறைவு. அரிது. தம் வாழ்நாளில் ஒரு சில பிள்ளைகளில்தான் கண்டிருக்கிறாராம்.

"இது ஒருத்தரும் அடிச்ச அடையாளம் இல்ல தங்கச்சி. கொஞ்ச நாள் வச்சிப் பாப்பம்."

"மருந்து?"

"மருந்து தேவையில்ல. தானா போயிரும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "தானா வந்த மாதிரியா?" என்றார்.

நிபுணர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அக்கா சிரிக்கவில்லை. ஒன்றும் செய்யாத வைத்தியம் என்பது எங்கள் வீட்டில் எவரும் கேள்விப்படாதது. எதையோ மறைக்கிறார்கள் என்றார் மாமி. கட்டாரிலிருந்து தொலைபேசித் திரையில் தோன்றிய அம்மா, மருந்தில்லாத வருத்தத்துக்கு என்னத்துக்கு ஆஸ்பத்திரி என்று கேட்டுவிட்டு, "மனே, நீ அவனுக்குப் பக்கத்தில நிண்டு வாயத் திறக்காத," என்றார்.

இளம் டொக்டர் போகிற வழியில் என்னிடம் நின்றார். சட்ட வைத்திய அதிகாரியை அழைக்கவில்லை என்றார். "சந்தேகப்படுறதும் எங்கட வேலதான் தம்பி. உங்கட பதில்ல ஒரு பிழையும் இல்ல. அதுதான் எனக்குப் பிழையாப் பட்டது." இது மன்னிப்பா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அல்ல என்றே முடிவுக்கு வருகிறேன்.

சாட்சியாரே, இப்போது கவனியுங்கள். கால்களில் வந்த அந்தப் புதிய வட்டங்கள் என் கையை விடுவித்தன. நான் தொடாதபோது வந்தவை அவை. அதே வட்டங்கள் என் நாக்கைப் பூட்டின. முந்தின நாள் நான் அந்தக் கால்களைப் பாராட்டிய பிறகு வந்தவையும் அவைதாம். இரண்டு வழக்குக்கும் சான்று ஒன்று. ஒன்றில் எனக்கு விடுதலை, மற்றதில் தண்டனை. எவ்வளவோ தலைப்புகளுக்கு இரு பக்கமும் நின்று பேசியிருக்கிறேன். ஒரே சான்று இப்படி இரு பக்கமும் சாய்ந்ததை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்தோம். ஊதா பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று. காதுகள் வற்றிப் பழைய காதுகளாயின. கால்கள் கடைசியில் தெளிந்தன. எவரும் எதுவும் தடவவில்லை. ஆனால் தெளிந்ததற்கான காரணம் அடுப்பில் போட்ட மண் என்பதே மாமியின் கட்சி, அக்கா மறுக்கவில்லை. நான் உள்ளே வந்தால் பிள்ளை மறு அறைக்குப் போனான். நான் கிணற்றடிக்குப் போனால் அவன் முற்றத்துக்கு வந்தான். ஒரே வீட்டில் நாங்கள் இருவரும் சந்திக்காதபடி அக்கா எப்படியோ பார்த்துக்கொண்டார். மணலில் நடந்தால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த நாட்களில் வந்தது, இன்னும் போகவில்லை.

அத்தான் விடுமுறையில் வந்திருந்த ஒரு பின்னேரம், அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். நான் வேலிப் படலையைத் திறந்து உள்ளே வந்தேன். விலகிப் போக அவருக்கு இடம் இருக்கவில்லை. பிள்ளை இரு கைகளையும் என் பக்கம் நீட்டிச் சரிந்தான். அக்கா அவனை இறுக்கிப் பிடித்தார்.

"குடுவன் அவனிட்ட," என்றார் அத்தான், திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டே.

"அக்கா, டொக்டர் சொன்னதக் கேட்டதானே?" என்றேன்.

"கேட்டன். கையில குத்தமில்ல எண்டு சொன்னார். நாக்கப் பத்தி அவர் ஒண்டும் சொல்லல்ல."

என்னிடம் மறுமொழி இருந்தது. பல நாட்களாகச் சீர்படுத்திய மறுமொழி. அந்த வருத்தம் எந்தப் பிள்ளைக்கு வந்தாலும் கன்னம், காது, கை, கால் என்றே வரும். நான் பாடிய வரிசையும் அதே. இரண்டும் ஒன்றானது தற்செயல். தடிமன் என் பேச்சைக் கேட்டு வரவில்லை. வாயைத் திறந்தேன். அக்காவின் விரல்கள் பிள்ளையின் தொடையில் பதிந்திருந்ததைக் கண்டேன், அவ்வளவு இறுக்கம். இன்னும் சற்று இறுக்கினால் அங்கே உண்மையாகவே ஓர் அடையாளம் விழும். அந்த விவாதத்தில் நான் வெல்வது உறுதி. வென்ற பிறகும் அந்தப் பிடி தளராது என்பதும் உறுதி.

"என்னகா செய்யச் சொல்லுற?" என்று கேட்டேன்.

"சத்தியம் பண்ணு. அவனப் பத்தி நல்லா ஒரு சொல்லும் சொல்லக் கூடா. எனக்குக் கேக்கச் சொல்லு."

வேலிக்கு அப்பால் மாமி இருமினார். "பேச்சாளர்ட சத்தியத்துக்குக் காலம் குறிச்சி வாங்குகா. இல்லாட்டி நாளைக்கு எதிரணிக்குப் போயிருவான்."

அத்தான் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகச் சத்தமாகக் கேட்டேன். அக்காவின் உதடும் கொஞ்சம் அசைந்தது, கை அசையவில்லை. நாவூறு என்று ஒன்று இருப்பதாக நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆயினும் நேராக நின்று, மண்டபத்தின் கடைசி வரிசையாகிய மாமிக்கும் கேட்கும்படி, சொல்லைச் சொல்லாக நிறுத்திச் சொன்னேன்:

"இவன் வளந்து, தானா மேடையேறி, தன்னப் பத்தித் தானே ஒரு சொல் சொல்லுமட்டும், இவன்ட கன்னம், காது, கை, கால் ஒண்டையும் நான் வாயால தொடமாட்டன் அக்கா. அண்டைக்கும் கீழ இரிந்து கைதான் தட்டுவன்."